கலப்பைக் கிழங்கு

பகவதி போய்ச் சேர்வதற்குள் யாரோ தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

உடைமரத்தடியில் முள்வேலியை ஒட்டிக் குழிகுழியாகக் கிடந்தது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அன்று விடியற்காலையிலும் அப்படித்தான் இறங்கியிருந்தது. தேரியின் செம்மணல் மேடெல்லாம் ஈரம் படிந்து கருஞ்சிவப்பாகக் கிடக்க, குழிகளைச் சுற்றி வாரிப்போட்ட மண் மட்டும் பொலபொலவென்று உலர்ந்திருந்தது. அப்படியானால் பனி நின்ற பிறகுதான் தோண்டியிருக்கிறார்கள். தோண்டியவர் இன்னும் வெகுதூரம் போயிருக்க முடியாது.

கீரைப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு குழியாகக் கைவிட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. கடைசிக் குழியின் அடியில் முறிந்த நுனி ஒன்று தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்துவிட்டுத் தூர எறிந்தாள். விரலை மணலில் தேய்த்து, பிறகு முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.

கலப்பைக் கிழங்கு. சந்தேகமே இல்லை.

கார்த்திகை மாதத்தில் அந்த வேலியைப் பார்த்தால் தீப்பற்றியதுபோல் இருக்கும். மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் கொடி. தை பிறந்ததும் காய்ந்து சருகாகி, காற்றில் அற்று, இருந்த இடமே தெரியாமல் போய்விடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் ஏர்க்கலப்பைபோல் கவைத்துக் கிடக்கும். திருச்செந்தூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த அற்புதமணி அண்ணாச்சி, பூச்சு மருந்துக்கு வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். மேலுக்குப் பூசலாம். உள்ளுக்குப் போனால் பிழைக்க முடியாது.

அந்த இடம் அவளுக்குத் தெரியும். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ரங்கூன் அரிசி நின்றுபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பர்மாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு தூத்துக்குடித் துறைமுகத்தில் பட்டாளத்துச் சாமான்தான் இறங்குகிறது, சனங்களுக்கு ஒன்றும் இறங்குவதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கண்ட்ரோல் கடையில் கொடுக்கிற அரிசி பாதி நாளைக்குக்கூடக் காணாது. சனங்கள் தேரிக்குள் இறங்கிவிட்டார்கள். சாரணையும் பண்ணைக்கீரையும் முளைத்த அன்றே பறிபோயின. கோவைக்காயைப் பிஞ்சிலேயே பிய்த்தார்கள். கிழங்கு என்று எது கையில் கிடைத்தாலும் அவித்தார்கள். முந்தின வருஷம் ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பம் இதே கிழங்கைக் கவலைக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றது. புருஷனும் பிள்ளைகளும் வாயாலும் வயிற்றாலும் போய்ச் செத்தார்கள். அந்தப் பெண் மட்டும் பிழைத்தாள். ஆனால் சில நாள் கழித்து அவள் தலையில் சீப்பை வைத்தபோது முடி கொத்துக்கொத்தாகச் சீப்போடு வந்தது. மொட்டைத் தலையோடு அவள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்ததைப் பகவதி பார்த்திருக்கிறாள். அழக்கூட இல்லை. உதிர்ந்த முடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இப்போது எவளோ ஒருத்தி அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்.

பகவதி பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். குழிகளுக்குப் பக்கத்திலேயே தண்ணீர்விட்டான் கொடி பச்சையாக நின்றது. தித்திப்பான கிழங்கு, பசித்தவன் பார்த்தால் விடமாட்டான். அதை யாரும் தொட்டிருக்கவில்லை. அது அவள் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. அவசரத்தில் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

அவள் நினைப்பு நேரே தாணுலிங்கம் வீட்டுக்குத்தான் போனது. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தவர்கள் அவரும் அவர் மனைவி செல்லக்கனியும். வழியில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். இந்த மண்ணில் விளைகிறது எது, கொல்கிறது எது என்று அவர்களுக்குத் தெரியாது. கண்டதைத் தோண்டுவார்கள்.

வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முற்றத்து அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. செல்லக்கனி அகப்பையோடு குனிந்திருந்தாள்.

“எறக்குளா! எறக்கு பானைய! ஆரும் தின்னாச்சா?”

செல்லக்கனி மிரண்டுபோய் நிமிர்ந்தாள். “என்னக்கா? என்ன ஆச்சு?”

பகவதி மூடியைத் தட்டிவிட்டு உள்ளே பார்த்தாள். பனங்கிழங்கு. நீளநீளமாக, தோலோடு, வரிசையாக நின்று வெந்துகொண்டிருந்தது. தலைப் பெட்டியை இறக்கி வைத்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

தாணுலிங்கம் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது. “நாங்க அந்தப் பக்கமே போகலியே தாயி. எங்களுக்கு அந்தக் கிழங்கு எங்கன கெடக்குன்னே தெரியாது.”

“அப்பம் ஆரு அண்ணாச்சி? ஆராவது இந்த வழியா போனாங்களா?”

அவர் மனைவியைப் பார்த்தார். செல்லக்கனி அகப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“ஒங்க வீட்டுக்காரருதான் போனாரு. வெயில் ஏறுததுக்கு முன்னால. மடியில என்னமோ கனமா கெட்டியிருந்தாரு. பதனி எறங்கிட்டான்னு கேட்டேன். திரும்பியே பாக்கல.”

பகவதி சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். பிறகு, “அவரு வேற சோலியா போயிருப்பாரு” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கீரைப் பெட்டியை எடுக்க மறந்து படலைத் தாண்டிவிட்டாள். செல்லக்கனிதான் ஓடிவந்து தலையில் ஏற்றிவிட்டாள். ஏற்றிவிடும்போது அவள் கண் பகவதியின் முகத்தை விட்டு அகலவில்லை.

அவள் புருஷன் வெள்ளத்துரை பனையேறி. மாசி பிறந்தால் அவனுக்கு மரமே கதி. விடியுமுன் ஏறுவான், உச்சிக்கு முன் இறங்குவான். கிழங்கு தோண்டுகிற ஆளில்லை. கீரையும் கிழங்கும் பொம்பளை வேலை என்பான். ஆனால் அந்தக் கொடியை அவனுக்குத் தெரியும், அதை அவள் மறந்தேபோயிருந்தாள். கார்த்திகையில் ஆட்டை அந்தப் பக்கம் பற்றிக்கொண்டு போனபோது அவள்தான் கையை நீட்டிக் காட்டினாள். “வேலியில பூத்திருக்கே, அத ஆடு கடிச்சிராம பாத்துக்கிடுங்க. கெழங்கு அதவிடப் பொல்லாதது. ஆள் தின்னா ஆளு போயிரும்” என்று அவள் வாயாலேயே சொன்னாள். அவன் நின்று நன்றாகப் பார்த்துக்கொண்டான்.

தெரியாமல் தோண்டவில்லை. தெரிந்துதான் தோண்டியிருக்கிறான். பக்கத்தில் நின்ற தண்ணீர்விட்டானை அவன் ஏன் தொடவில்லை என்பதும் இப்போது விளங்கியது. அவனுக்குப் பசியில்லை.

முதலில் அவன் தானே தின்று சாகத்தான் தோண்டினான் என்று பயந்தாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அவன் சரியாக இல்லை. காயல்பட்டினத்து முத்துவாப்பா வந்து போனதிலிருந்து.

முத்துவாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். சங்கரபாண்டியன் அவர் கடைக்குப் பக்கத்தில்தான் வேலை பார்த்தான். சங்கரபாண்டியன் வெள்ளத்துரையின் தங்கை ஜெயசெல்வியின் புருஷன். கல்யாணமான கையோடு கொழும்புக்குப் போனவன். அங்கே குண்டு விழுந்து, கப்பலுக்குப் பாஸ் கெடுபிடி ஆகி, இரண்டு வருஷமாக வர முடியாமல் கிடந்தான். அதனால் ஜெயசெல்வி அண்ணன் வீட்டில்தான் இருந்தாள்.

“ஒங்க மாப்புள்ளைக்குப் பாஸ் கெடச்சிட்டு. அடுத்த கப்பல்ல வந்திருவாரு. மொதல்ல ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாரு” என்று முத்துவாப்பா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

ஜெயசெல்வி அப்போது இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். சந்தோஷத்தில் குடத்தைப் போட்டு உடைப்பாள் என்று பகவதி எதிர்பார்த்தாள். அவள் குடத்தை மெள்ள, சத்தம் வராமல் தரையில் இறக்கி வைத்தாள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெள்ளத்துரை அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தேரி மணலில் கால் புதையப் புதைய நடந்துகொண்டிருந்த பகவதிக்கு அந்தக் காட்சி மறுபடியும் வந்தது. நடை நின்றது.

மார்கழியிலிருந்தே ஜெயசெல்வி காலையில் குமட்டிக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றில் கீரையைத் தின்றால் பித்தம்தான் ஏறும் என்று பகவதி சீரகம் வறுத்துக் கொடுத்தாள். சேலையை மேலே ஏற்றிக் கட்டினாள். குளிர் என்றாள். அதற்கு முன்னால், புரட்டாசி ஐப்பசியில், கண்ட்ரோல் கடைக்கு அவள்தான் போய்வந்தாள். மற்ற வீடுகளில் கால்வயிற்றுக்குக் கஞ்சி காய்ச்சிய நாளில் இந்த வீட்டில் சோறு வடித்தார்கள். கூப்பனில் உள்ளதைவிடப் பை கனத்துத்தான் இருந்தது. பகவதி பையை வாங்கி அரிசியைப் பானையில் கொட்டினாள். வெள்ளத்துரை இரண்டாம் தடவை வாங்கித் தின்றான். எப்படிக் கிடைத்தது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் ஜெயசெல்வி இனிமேல் கடைக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். அப்போதும் கேட்கவில்லை.

பகவதி ஓடினாள். பெட்டி தலையிலிருந்து சரிந்து விழுந்தது. தூதுவளையும் முடக்கத்தானும் மணலில் இறைந்தன. திரும்பிப் பார்க்கவில்லை.

குடிசைக் கூரைமேல் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் இல்லாதபோது அந்த அடுப்பு எரிந்ததில்லை. ஜெயசெல்விக்குப் புகை பட்டாலே குமட்டும்.

வாசலில் குனிந்து உள்ளே போனாள். அடுப்புக்கு முன்னால் வெள்ளத்துரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இடுப்பில் பாளை சீவும் அரிவாள் செருகிய அருவாப்பெட்டி கட்டியபடியே இருந்தது. மரத்துக்கு ஏறுகிற கோலத்திலேயே வந்து சமைத்திருக்கிறான். ஜெயசெல்வி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் பனையோலைப் பட்டையில் ஆவி பறக்கக் கிழங்கு. தோல் சீவி, வட்டவட்டமாக நறுக்கி, மேலே உப்பும் தூவியிருந்தது. கவைத்த கிழங்கு என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் இன்னும் தொடவில்லை. கை மட்டும் பட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

“சீக்கிரம் வந்துட்ட?” என்றான் வெள்ளத்துரை.

“ஆமா. தேரியில ஒண்ணும் கெடைக்கல.” மூச்சு வாங்குவதை அடக்கிக்கொண்டாள். “இது என்ன கெழங்கு?”

“கவலைக்கெழங்கு. வழியில கெடச்சிது. பிள்ள பசியா இருக்கான்னு அவிச்சேன்.”

“எங்கன கெடச்சிது?”

“அங்கனதான். ஓடைப் பக்கம்.”

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கத்திக் கூச்சல் போட்டால் என்ன நடக்கும் என்று பகவதி யோசித்தாள். இல்லை என்பான். இவளைப் பைத்தியம் என்பான். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. இவள் தேரிக்குப் போகாமல் எத்தனை நாள் காவல் இருக்க முடியும்? அவன் வாயாலேயே வர வேண்டும், அதுவும் ஜெயசெல்வியின் காது கேட்க வர வேண்டும்.

அவள் போய் ஜெயசெல்விக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“நானும் விடியக்காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. எனக்கும் வைங்க.”

“ஒனக்கு வேற இருக்கு.”

“எதுக்கு வேற? இதுவே நெறையக் கெடக்கே.”

“ஏளா, அது பிள்ளைக்குன்னு வச்சது.”

“அவ தின்னா என்ன, நான் தின்னா என்ன. ரெண்டும் ஒரே வயிறுதான” என்று சொல்லிக்கொண்டே ஒரு துண்டை எடுத்தாள். சூடு விரலைப் பொசுக்கியது. அவனைப் பார்த்துக்கொண்டே வாய்க்குக் கொண்டுபோனாள். ஒரு கணம் அவன் அசையவில்லை. விட்டுவிடுவான் என்று தோன்றியது. இருபது வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவன் தன்னையும் விட்டுவிடப் போகிறான் என்று நினைத்தாள். துண்டு உதட்டில் பட்டது. நாக்கு நுனியில் லேசாகக் கசந்தது.

வெள்ளத்துரை பாய்ந்து அவள் கையில் ஓங்கி அடித்தான். துண்டு தெறித்துச் சுவரில் போய் ஒட்டியது. பட்டை கவிழ்ந்தது.

“துப்பு! துப்புளா! துப்பித் தொலை!”

அவள் துப்பினாள். கலயத்துத் தண்ணீரை எடுத்து வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீர் மாரெல்லாம் வழிந்தது.

“இப்பம் சொல்லுங்க. என்ன கெழங்கு?”

அவன் சுவரில் ஒட்டிய துண்டைப் பார்த்தான். பேசியது ஜெயசெல்வி.

“எனக்குத் தெரியும் மதினி.”

பகவதி திரும்பினாள். ஜெயசெல்வி தரையில் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் தாயில்லாமல் இந்த வீட்டுக்கு வந்தவள். பகவதிதான் பேன் பார்த்து, தலைவாரி, சடை போட்டு வளர்த்தாள்.

“அண்ணன் அடுப்புப் பத்தவச்சு நான் பாத்ததே இல்லியே. பத்தவைக்கயிலயே தெரிஞ்சிட்டு. உப்பு இருக்கான்னு கேட்டாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“அறிஞ்சுமா உக்காந்திருந்த?”

“அவரு வந்து கேட்டா என்ன சொல்ல? எங்கன போவ?”

வெள்ளத்துரைக்கு அதுவரை இல்லாத குரல் வந்தது. “அதத்தான் நானும் கேக்கேன். சங்கரபாண்டி வந்து நிப்பான். ரெண்டு வருசமா என் வீட்டுல விட்டுட்டுப் போனவன். நான் என்ன பதில் சொல்ல? ஊரு என்ன சொல்லும்? நான் எந்த மூஞ்சியோட மரத்துல ஏறுவேன்?”

“அந்த அரிசியத் தின்னயில கேட்டீயளா?” என்றாள் பகவதி. சத்தம் போடவில்லை. “கடைக்காரன் கூப்பனுக்கு மேல எப்படிளா குடுக்கான்னு ஒரு வார்த்த கேட்டீயளா? நானும் கேக்கல. வடிச்சுப் போட்டேன். நீங்களும் தின்னீய, நானும் தின்னேன். அப்பம் இந்தக் கெழங்க மூணு பேருந்தான் திங்கணும். ஒங்களுக்கும் ஒரு பட்டைல வைக்கட்டா?”

அவன் அவளை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கை இறங்காமலே நின்றது. பிறகு எழுந்து வெளியே போய்விட்டான்.

பகவதி பானையில் இருந்ததையும் கீழே சிந்தியதையும் ஒன்றுவிடாமல் வழித்து எடுத்து, வீட்டுக்குப் பின்னால் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தாள். ஆடும் கோழியும் கிளறாதபடி மேலே முள்ளை வெட்டிப் போட்டாள். பானையை உடைத்தாள். பிறகு ஜெயசெல்வியின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“வா. ஆலந்தலைக்குப் போவோம்.”

கடலோரத்து ஆலந்தலையில் பிளாரன்ஸ் இருந்தாள். அவள் புருஷன் பர்னபாஸ் தோணிக்காரன். பகவதியிடம் கீரையும் பிள்ளை பெற்றவளுக்கான வேரும் வாங்கிக்கொண்டு மீன் கொடுப்பாள். சொந்தமில்லை, சாதியில்லை. அந்த நேரத்தில் பகவதிக்கு வேறு யாரையும் நினைக்கத் தோன்றவில்லை.

வெயில் நெற்றிக்கு நேரே நின்றது. பனங்காட்டுக்குள் பாதி வழி போயிருப்பார்கள். பின்னால் காய்ந்த ஓலை மிதிபடும் சத்தம் கேட்டது. பகவதி திரும்பினாள். கொஞ்ச தூரத்தில் வெள்ளத்துரை வந்துகொண்டிருந்தான். கூப்பிடவில்லை. வேகமாகவும் வரவில்லை. இடுப்பில் அருவாப்பெட்டி நடைக்கு நடை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் நின்றால் அவனும் நின்றான். நடந்தால் நடந்தான்.

“திரும்பிப் பாக்காத” என்றாள் பகவதி.

“அரிவாள் வச்சிருக்காரு மதினி.”

“பனையேறி அரிவாள் இல்லாம எப்படி வருவான். நீ நட.”

அப்படிச் சொன்னாளே தவிர, தன் உடம்பைப் பெண்ணுக்கும் அவனுக்கும் நடுவில் வைத்துக்கொண்டே நடந்தாள். பனங்காடு முடிந்து, தாழம்புதர் முடிந்து, கடற்கரை மணல் வெளுக்க ஆரம்பித்தது. காற்றில் கருவாட்டு வாடை வந்தது. கரையேற்றிய தோணிகளின் நிழலில் ஆட்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பர்னபாஸ் நிமிர்ந்து பார்த்தான். முதலில் பெண்கள் இருவரையும், பிறகு அவர்களுக்குப் பின்னால் வந்தவனையும். ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு எழுந்து குறுக்கே வந்தான்.

“என்ன அண்ணாச்சி, இந்த நேரத்துல? மரத்துல இருக்க வேண்டிய ஆளு?”

வெள்ளத்துரை நின்றான். “மீன் வாங்க வந்தேன்.”

“மீன் இன்னிக்கு இல்லியே. பெட்டியும் கொண்டு வரலியே நீங்க.”

வலை பொத்திக்கொண்டிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். வெள்ளத்துரை தங்கையைப் பார்த்தான். பிறகு திரும்பி, வந்த வழியே போனான்.

பிளாரன்ஸ் முழுக் கதையும் கேட்கவில்லை. ஜெயசெல்வியின் சேலைக்கட்டைப் பார்த்தாள். “மாதாவே” என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே கூட்டிப்போய்க் கஞ்சி ஊற்றினாள். தூத்துக்குடியில் அவள் அக்கா இருந்தாள், பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் வேலை பார்க்கிறவள். மறுநாள் பர்னபாஸ் கருவாட்டு மூட்டையோடு தோணியில் அங்கே போகிறான். இந்தப் பெண்ணும் போகட்டும் என்றாள்.

“நீயும் திரும்பிப் போவாத பகவதி. அந்த ஆளு மொகம் எனக்குச் சரியாப் படல.”

“நான் போகலன்னா அவரு இங்கன வருவாரு. இன்னைக்குத் திரும்பினவரு நாளைக்குத் திரும்ப மாட்டாரு. நான் கண் முன்னால இருந்தாத்தான் இவளத் தேடிப் போகமாட்டாரு.”

ஜெயசெல்வி அவளைக் கட்டிக்கொண்டாள். அழுகை வரவில்லை இரண்டு பேருக்கும். பகவதி அவள் தலையைத் தடவினாள். அடர்த்தியான முடி. விரலால் கோதி இறுக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

பொழுது சாயும்போது வீட்டுக்குத் திரும்பினாள். வெள்ளத்துரை அடுப்புக்கு முன்னால் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அடுப்பு அணைந்திருந்தது.

“ஊருல கேட்டா அவ பேதியில போய்ட்டான்னு சொல்லு” என்றான். “தூத்துக்குடிக்குக் கொண்டுபோனோம், அங்கனயே முடிஞ்சிட்டு, பொதச்சிட்டாங்கன்னு சொல்லு.”

அவள் தலையசைத்தாள். அந்த வருஷம் பேதி எல்லா ஊரிலும் இருந்தது. பேதியில் செத்தவர்களை உடனே புதைத்தார்கள், உடலைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வாரமே சங்கரபாண்டியன் வந்துவிட்டான். தலையில் தகரப் பெட்டியோடு தேரியில் அவன் வருவதைக் கண்டு பெண்கள் ஒப்பாரி எடுத்தார்கள். உயிரோடு இருக்கிறவளுக்காக அவர்கள் மாரடித்து அழ, பகவதியும் நடுவில் உட்கார்ந்து அழ வேண்டியிருந்தது. முதலில் கண்ணீர் வரவில்லை. பிறகு வந்தபோது நிற்கவில்லை. செல்லக்கனி பக்கத்தில் வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காதுக்குள் கேட்டாள்.

“அந்தக் கெழங்குதானாக்கா?”

பகவதி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொன்னால் ஜெயசெல்வி எங்கே என்று அடுத்த கேள்வி வரும்.

சங்கரபாண்டியன் பதினாறாம் நாள் விசேஷம் முடிகிற மட்டும் இருந்தான். போகிற அன்று தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுத்துப் பகவதியிடம் கொடுத்தான்.

“அவளுக்குன்னு வாங்கினது. நீங்க கெட்டிக்கிடுங்கக்கா. கடேசியா ஏதும் சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லல தம்பி.”

அவன் அவளை நெடுநேரம் பார்த்தான். அவனுக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்றே அவளுக்குப் பட்டது. வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் கொழும்புக்குத் திரும்பிப் போனான். பிறகு வரவே இல்லை.

செல்லக்கனி யாரிடம் என்ன சொன்னாளோ, தெரியாது. பங்குனியில் பதனீர் பொங்கி வடிந்தது. வெள்ளத்துரை கலயத்தோடு தெருவில் போனால் பட்டையை நீட்ட ஆளில்லை. பக்கத்து மரத்துக்காரனிடம் வாங்கிக் குடித்தார்கள். எதிரில் வந்தால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். அவன் தங்கையைக் கொல்லவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பகவதி. அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. அவனும் அவளிடம் கேட்கவில்லை. கண்ட்ரோல் கடைக்காரன் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்து அரிசி நிறுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் வேறு பெண்கள் பையை நீட்டினார்கள்.

ஆடி மாதத்தில் வேர் விற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பகவதி தூத்துக்குடிக்குப் போய்வந்தாள். சங்கரபாண்டியன் கொடுத்த சேலையைப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுபோனாள். ஜெயசெல்வி அதை விரித்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், உத்தரத்தில் தொட்டிலாகக் கட்டினாள். இளைத்திருந்தாள். ஆனால் சிரித்தாள். பகவதி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த மாசி வந்தது. ஒருநாள் காலை பகவதி முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெள்ளத்துரை மரத்துக்குப் புறப்பட்டவன் வாசலில் நின்றான்.

“ஏளா.”

அவள் நிமிரவில்லை.

“ஆம்பளப் பிள்ளையா? பொம்பளப் பிள்ளையா?”

கீரைத் தண்டு அவள் விரலுக்கிடையில் அப்படியே நின்றது. ஒரு வருஷமாக அவன் ஜெயசெல்வி பெயரைச் சொன்னதில்லை. தூத்துக்குடிக்கு எதற்குப் போனாள் என்று கேட்டதில்லை. குரல் தாழ்ந்திருந்தது. மாமன் கேட்கிற கேள்விபோலத்தான் இருந்தது. ஆனால் கிழங்கின்மேல் உப்புத் தூவிவிட்டுப் பிள்ளை பசியாய் இருக்கிறாள் என்று சொன்னபோதும் அவன் குரல் இப்படித்தான் தாழ்ந்து, வாஞ்சையாக இருந்தது.

“எந்தப் பிள்ள?” என்றாள் பகவதி.

அவன் இன்னும் கொஞ்சம் நின்றான். பிறகு அருவாப்பெட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பனங்காட்டைப் பார்த்து நடந்தான். அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான், மரத்துக்கா, தூத்துக்குடி ரோட்டுக்கா என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். மரத்தடியில் போய் நின்று அவன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.